ஆளில்லாத ரோடு

ஞானமதியின் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டது அவள் புருஷன் வீரசேனன்தான். கேட்டால் பூட்டவில்லை, பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன் என்பான். பகலெல்லாம் தெருக்கதவு திறந்தே கிடக்கிற ஊரில், மாட்டுக்கொட்டகைக்குள்ளே, ஒரு லேடீஸ் சைக்கிளை எந்தத் திருடனிடமிருந்து பத்திரப்படுத்தினானோ, அது அவனுக்கே வெளிச்சம்.

அவர்கள் ஊர் வல்லத்துக்குப் பக்கத்தில். அவள் டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் செஞ்சிப் பக்கம், மலையடியில் ஒரு சின்ன ஊரில். போய்வர இரண்டு வழி இருந்தது. ஒன்று திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பெரிய ரோடு. ஜல்லி லாரியும் வேர்க்கடலை மூட்டை லாரியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாரி அவளைச் சைக்கிளோடு பள்ளத்தில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. அடுத்த நாளே அவள் வேறு வழி விசாரிக்க ஆரம்பித்தாள்.

கிடைத்தது மலையடி ரோடு. எந்தக் காலத்திலோ போட்ட தார், நடுவில் ஒரு பட்டை மட்டும் மிச்சம் இருந்தது. சைக்கிளுக்கு அது போதும். ஏரிக்கரை மேல் ஏறி, கேப்பைக் கொல்லைகளைத் தாண்டினால், உருண்டைப் பாறைகளைக் கொட்டிக் குவித்த மாதிரி நிற்கும் மலைகளை ஒட்டியே ரோடு வளைந்து வளைந்து போகும். காலை வேளையில் மலையின் நிழல் ரோட்டை மூடிக் கிடக்கும். நிழல் முடிகிற இடத்தில் புளியமரங்கள். அதற்கு அப்பால் ஒரே ஒரு மேடு. முதலில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். பிறகு பாதி மேடு வரைக்கும் மிதித்தாள். ஒரு நாள், பல்லைக் கடித்துக்கொண்டு, ஸீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்து, இறங்காமல் உச்சிக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கம் இறக்கம். பெடலைத் தொடவே வேண்டாம், பள்ளிக்கூட வேலி வரைக்கும் காற்றே கொண்டுபோய் விட்டுவிடும்.

இரண்டு வருஷம் அந்த ரோட்டில் போனாள். எதிரில் ஒரு மாட்டுவண்டி, ஓர் ஆட்டுக்காரி, சில நாள் அதுவும் கிடையாது. வீட்டில் வாயைத் திறந்து சொல்ல முடியாததையெல்லாம் அங்கே மலையைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே போவாள். திரும்பி வரும்போது மனசு லேசாக இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று, அந்த வழியில் வந்தால் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடலாம். அவர்கள் நயினார் வீடு, சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. விளக்குக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்துவிடக் கூடாது, நம் வாயால் ஓர் உயிர் போகக் கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுப்பாடு. ஞானமதிக்கு அது ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை. சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட, இருட்டியபின் அம்மா கொண்டுவந்த கஞ்சியை வேண்டாமென்று வாயை இறுக மூடிக்கொண்டவள் அவள். யாருக்காகவும் செய்யவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

சைக்கிளுக்கு வினையாக வந்தவர் ஸ்ரீபாலன். வீரசேனனின் பெரியப்பா, ஊர் ஜினாலயத்தைப் பார்த்துக்கொள்பவர். மலையடியில் இருந்த தன் கொல்லையைப் பார்க்கப் போன மனுஷன், கொல்லையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே. அவளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆளே இல்லாத ரோடு அது. ஒரு பொம்பள தனியா அந்த ரோட்ல இன்னாத்துக்குப் போவணும்? யாரப் பாக்கப் போய்க்கினு இருக்கா?" என்று கேட்டார். அவளிடம் கேட்கவில்லை. வீரசேனனிடம் கேட்டார்.

"நாளையிலிருந்து பஸ்ல போ" என்றான் வீரசேனன்.

"பெரிய ரோட்ல லாரி இடிச்சித் தள்ளிச்சே, அப்ப யாரும் வந்து ஒண்ணும் கேக்கலியே."

"அது ஆக்சிடெண்ட். இது பேரு கெட்டுப்போற விஷயம்."

"ஆளே இல்லாத ரோட்ல யாருங்க எம் பேரக் கெடுப்பாங்க?"

பதில் இல்லாத ஆண்பிள்ளை செய்வதைச் செய்தான். சைக்கிளைப் பூட்டினான்.

பஸ் என்றால் சும்மா இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய ரோட்டுக்கு நடக்க வேண்டும். அங்கே வந்து நிற்கிற பஸ்ஸில் வல்லம் வரை நின்றுகொண்டே வர வேண்டும். பிறகு டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அது வந்தால் வரும். வீடு வந்து சேரும்போது தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு வைத்திருப்பார்கள். அடுக்களையில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

மத்தியானச் சோறுதான் அன்றைய கடைசிச் சோறு. சாயங்காலத்துக்கு இன்னொரு டப்பா கட்டித் தரச் சொல்லி மாமியார் அனந்தவல்லியிடம் கேட்டாள். "காலைல பண்ணதப் பொழுது சாயற வரைக்கும் வெச்சித் துன்றதா? நம்ம வீட்ல அந்தப் பழக்கம் கெடயாது" என்றாள் அவள். கடையில் வாங்கித் தின்பதும் பழக்கம் கிடையாது. சைக்கிள் ஓட்டுவது பழக்கமே கிடையாது. மார்கழிக் குளிரில் வயிறு காந்த, சுருண்டு படுத்துக்கொண்டு, பக்கத்தில் வயிறு நிறைந்து குறட்டை விடும் வீரசேனனைப் பார்ப்பாள். பூட்டிய கையைக் கடித்து வைக்கலாம் போல ஆத்திரம் வரும். விடியும்வரை அந்த ஆத்திரம் அடங்காது.

அவள் இப்படி எரிந்துகொண்டிருக்க, கோயிலில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்த பெண்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒருத்தி குனிந்து காலையே தொட்டுவிட்டாள். கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது.

"எம் மருமவ வேலைக்கும் போய்க்கினு நோன்பும் இருக்கறா. பஸ்ஸ விட்டு எறங்கி வந்தா, ஒரு வா தண்ணிகூடக் குடிக்காம போய்ப் படுத்துக்கறா. ஒரு நாளாவது மொகஞ் சுளிக்கணுமே" என்று அனந்தவல்லி வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். மருமகள் பட்டினி கிடந்தால் மாமியாருக்குப் புண்ணியம் சேர்ந்தது, ஊரில் பேரும் சேர்ந்தது. மாமியார் பொய் சொல்லவும் இல்லை. அவள் அப்படித்தான் நம்பினாள். அதுதான் ஞானமதிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஜினாலயத்தில் பூஜை. முடிந்ததும் யாரும் போகாதீர்கள் என்றார் ஸ்ரீபாலன். ஞானமதியை முன்னால் கூப்பிட்டார். கையில் ஒரு சால்வை.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்து, தர்மம், அடக்கம், குலத்தின் பெருமை என்று பேசிக்கொண்டே போனார். வீரசேனன் தூண் ஓரமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அனந்தவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சால்வையைப் போட வந்தவர், "நீயும் ரெண்டு வார்த்த சொல்லும்மா" என்றார்.

ஞானமதி சால்வையைக் கையாலேயே தடுத்தாள்.

"நான் நோன்பு இருக்கலீங்க, பெரிய மாமா. நோன்புன்னா நானா நெனச்சி, நானா இருக்கறது. நான் பட்டினி கெடந்தேன். தெனமும் பசிச்சிது. ஒவ்வொரு நாளும் எங்க வீட்டுக்காரரத் திட்டிக்கினே படுத்தேன். உங்களயும் திட்டினேன். அது நோன்புல சேருங்களா?"

வீரசேனன் நின்ற தூண் பக்கம் கையை நீட்டினாள்.

"நீங்க ஆளில்லாத ரோடுன்னு சொன்னீங்களே, அதுல வந்துக்கினு இருந்தவரைக்கும் பொழுதோட வீட்டுக்கு வந்து சாப்ட்டேன். இவுங்க சாவிய எடுத்து வெச்சிக்கினாங்க, நான் பட்டினி. எனக்குச் சால்வ வாணாங்க. சைக்கிள் சாவியத் தரச் சொல்லுங்க."

ஸ்ரீபாலனின் கையிலேயே சால்வை தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வீரசேனன் சாவியை அவள் முன்னால் தரையில் விட்டெறிந்தான். "ஊரு முன்னால எம் மானத்த வாங்கிட்டே. திருப்திதானே?"

"இன்னும் இல்ல" என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் டயருக்குக் காற்றடித்து, துருப்பிடித்த செயினுக்கு எண்ணெய் விட்டுக் கிளம்பினாள். மேட்டில் கால் தடுமாறியது. ஒன்றரை மாசம் அரைவயிற்றோடு கிடந்த உடம்பு. பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் இறங்காமல் ஏறிய மேடு. அந்த இடத்தில் நின்று, மலையைப் பார்த்து, பெயர் சொல்லி எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு மேலே தள்ளிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அவள் வாசலில் வந்து இறங்கியபோது நல்ல வெயில் இருந்தது. கை கால் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

"சோறு எங்க, அத்த?"

"நாங்க அப்பவே சாப்ட்டாச்சி. மிச்சத்த மாட்டுக்குக் கழனித் தண்ணில ஊத்திட்டேன். கோயில்ல அவ்ளோ பேசினவளுக்கு நான் எடுத்து வெக்கணுமா?" அனந்தவல்லி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்திருந்தாள்.

ஞானமதி பானையை நிமிர்த்தினாள். அரிசி களைந்தாள். ஈர அடுப்பு பற்றவில்லை. புகைந்தது, அணைந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்தது. உலை கொதிக்கும்போது முற்றத்தில் வெயில் போய்விட்டது. சோற்றை வடிக்கும்போது அனந்தவல்லி விளக்கு வைத்துவிட்டாள். இனிமேல் மருமகள் எப்படிச் சாப்பிடுவாள் என்கிற தைரியம் அவளுக்கு.

ஞானமதி கூடத்தில், வாசலுக்கு நேராக, விளக்கடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்தாள்.

"ஏய், விளக்கு வெச்சாச்சி" என்றாள் அனந்தவல்லி.

"தெரியும், அத்த."

முதல் கவளத்தை வாயில் போட்டாள். பிறந்ததிலிருந்து செய்யாததை அன்றைக்குச் செய்தாள். விழுங்கும்போது அழுகை வந்தது. அந்தக் கட்டுப்பாட்டையும் அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவளுக்கென்று இருந்த ஒன்றை. அந்த ஆத்திரத்திலேயே அடுத்த கவளத்தை உருட்டினாள்.

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஜினாலயத்திலிருந்து பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அனந்தவல்லி பதறிக்கொண்டு ஓடித் தெருக்கதவைச் சாத்தப் போனாள்.

"தொறந்தே இருக்கட்டும், அத்த. நாளைக்கும் நான் பொழுதோட வருவேன். சோறு இருந்தா பொழுதோட சாப்புடுவேன். இல்லன்னா இதே நேரத்துல, இதே எடத்துல உக்காந்துதான் சாப்புடுவேன். பாக்கறவங்க பாத்துக்கட்டும்."

வீரசேனன் அறையிலிருந்து வெளியே வந்தான். தட்டைப் பார்த்தான், திறந்திருந்த கதவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். தெருவில் பேச்சுக் குரல் நெருங்கி வந்தது.

அனந்தவல்லி கதவிலிருந்து கையை எடுக்கவும் முடியாமல் சாத்தவும் முடியாமல் நின்றாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு வருவே?"