பொன்னில் செய்த பாஸ்தா

தன் வீட்டுக் குசினியிலிருந்து தன்னையே ஒருத்தி வெளியே அனுப்புவாள் என்று வசந்தமலர் கனவிலும் நினைத்ததில்லை. அனுப்பியவள் வருங்காலச் சம்பந்தி ஓர்னெல்லா, இத்தாலியின் பொலோஞ்ஞாக்காரி. மகள் சோபிகா ஒரு வருடம் அங்கே படிக்கப் போய், படிப்போடு ஓர்னெல்லாவின் மகன் மத்தியாவையும் பிடித்துக்கொண்டு ஒஸ்லோவுக்குத் திரும்பியிருந்தாள். இரண்டாயிரத்தேழாம் ஆண்டு பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டைப் பார்க்க வந்த அம்மாள், "இன்றைக்கு நான் சமைக்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று வசந்தமலரின் ஏப்ரனையே எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் இருக்கும் ஒஸ்லோவின் குரோருட்டில் பிறந்தநாளோ கோயில் அன்னதானமோ, "மலரக்கா கை வைச்சால்தான் சரி" என்று ஆட்கள் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்டவளை சோபாவில் குந்த வைத்தால்? உள்ளுக்குள் கொதித்தாள். பக்கத்தில் இருந்த கணவர் சச்சிதானந்தன் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார்.

"கொல்லன் தெருவிலை ஊசி விக்க வந்திருக்கிறா உன்ரை சம்பந்தி."

"பேசாமல் இருங்கோ. எங்களை ஒண்டும் தெரியாத சனம் எண்டு நினைச்சுக்கொண்டு போகப்போறா. எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்."

குசினியிலிருந்து ஓர்னெல்லாவின் குரல் ஓயவில்லை. சோபிகா வாசலில் நின்று தமிழாக்கினாள். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த பார்மிசான் சீஸ் இரண்டு வருடம் பழுத்ததாம். நூற்றாண்டுகளுக்கு முன்னம் துறவிகள் மடங்களில் செய்யத் தொடங்கியதாம். இறைச்சிக் குழம்பு மணிக்கணக்காக வேக வேண்டுமாம். வீட்டுக்குள் மாட்டிறைச்சி வராது என்று சோபிகா முதலே சொல்லிவிட்டதால் ஓர்னெல்லா ஆட்டிறைச்சியில் வைத்தாள். அதில் அவளுக்குப் பெரிய மனக்குறை. ஒவ்வொரு சாமானுக்கும் சாதகம் வாசித்த பிறகுதான் சட்டிக்குள் போட்டாள்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. தாலியத்தெல்லே எண்ட பட்டை பாஸ்தா இருக்கெல்லோ, அது வெந்தாப் பிறகு எட்டு மில்லிமீற்றர் அகலம் இருக்கோணுமாம். அந்த அளவைப் பொன்னிலை செய்து பொலோஞ்ஞா வர்த்தக சபையிலை பத்திரமா வைச்சிருக்கினமாம்."

"பொன்னிலையோ? எத்தினை பவுண்?"

சோபிகா அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் வசந்தமலருக்கு மனம் கொஞ்சம் இளகியது. சாப்பாட்டுக்குப் பொன்னில் அளவு வைக்கிற சனம் மோசமான சனமாக இருக்காது.

கொஞ்ச நேரத்தில் குசினியில் பேச்சு நின்றுவிட்டது. பிறகு முட்டை உடைக்கும் சத்தம். மறுபடியும் முட்டை. மூன்றாம் தடவையும் முட்டை. சோபிகா பதறிக்கொண்டு வந்தாள்.

"மா சேருதில்லை அம்மா. உருட்ட உருட்ட உதிருது. முட்டையும் முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் பூட்டு. ஓர்னெல்லா பலகைக்கு முன்னால் நின்றாள். பன்னிரண்டு வயதிலிருந்து மாக் குழைத்த கை அவளுடையது. அந்தக் கைக்குக் கீழே மணல் போல ஏதோ குவிந்து கிடந்தது. மத்தியா தாயின் முகத்தைப் பார்க்கமாட்டாமல் யன்னலைப் பார்த்தான். இந்த மா சரியில்லை என்று ஓர்னெல்லா மெல்லச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று சச்சிதானந்தன் தமிழில் முணுமுணுத்தார்.

வசந்தமலர் மாப்பேணியை எட்டிப் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்தாள். காலையில் இடியாப்பத்துக்கென்று அவித்து அரித்து வைத்த மா! யாழ்ப்பாணத்து வீடுகளில் கோதுமை மாவை ஆவியில் அவித்துத்தான் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் எடுப்பார்கள். அவித்த மாவுக்கு இழுவை போய்விடும். அதை உருட்டிப் பட்டையாக்க பொலோஞ்ஞா முழுக்கத் திரண்டு வந்தாலும் ஏலாது.

"எந்தப் பேணியடி எடுத்துக் குடுத்தனி?"

"வெள்ளையாக் கிடந்ததை. இஞ்சத்தைக் கடையிலை விக்கிற வேத்தமேல்தானே, கோதம்ப மாதானே அம்மா!"

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சோபாவில் குந்த வைத்ததற்குக் கணக்கு நேராகிவிடும். அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனால் நல்ல சமையல்காரி ஒருத்தி தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்பதை வசந்தமலரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த அவமானம் தனக்கே வந்தது போலச் சுட்டது.

"கை பிழைக்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை. நான் அவிச்சு வைச்ச மா அது. இண்டைக்குக் கூடம் கோணல்தான்." கணவரைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். சச்சிதானந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

சோபிகா சொல்லி முடித்ததும் ஓர்னெல்லா நீளமாக மூச்சு விட்டாள். பிறகு, அப்படியென்றால் இந்த மா எதற்கு ஆகும் என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் ஏப்ரனை அவிழ்த்து வசந்தமலரின் இடுப்பில் தானே கட்டிவிட்டாள்.

வசந்தமலர் மிச்ச மாவில் உப்புப் போட்டு, கொதிதண்ணீர் விட்டு, அகப்பைக் காம்பால் குழைத்தாள். இடியாப்ப உரலில் அடைத்துத் தட்டுகளில் பிழிந்தாள். ஓர்னெல்லா உரலைக் கண்டதும் கையைத் தட்டினாள். தன் தாயும் பழைய பாண் ரொட்டித் தூளில் சீஸும் முட்டையும் சேர்த்து, ஓட்டை போட்ட இரும்பால் சூப்புக்குள் பிழிவாளாம். அடுத்த தட்டை அவளே பிழிந்தாள்.

ஆவி பறக்கும் இடியாப்பத்துக்கு மேல் பொலோஞ்ஞாக் குழம்பு. அதற்கு மேல் துருவிய பார்மிசான். மூன்றாம் தடவை போட்டுக்கொண்டபோது ஓர்னெல்லா ஓர் இழையைத் தூக்கிப் பிடித்து, உண்மையாகவே அறிய விரும்பி, ஏதோ கேட்டாள்.

"இந்த மெல்லிசுக்கு அளவு எங்கை வைச்சிருக்கிறியள் எண்டு கேக்கிறா அம்மா."

வசந்தமலர் எழுந்து போய் உரலைக் கொண்டுவந்தாள். கவிழ்த்து, அடியில் மினுங்கிய பித்தளை அச்சைக் காட்டினாள். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"பொன்னிலை செய்து பூட்டி வைக்கேல்லை எண்டு சொல்லு. பித்தளையிலை, வீட்டுக்கு வீடு வைச்சிருக்கிறம். நீ அவவின்ரை வீட்டுக்குப் போகேக்கை பொலோஞ்ஞாவிலையும் ஒண்டு இருக்கும்."