நாய் குளித்த தண்ணீர்

“எம்மா, நாயி குளிச்ச தண்ணி எங்க போவும்?”

பிரம்மசக்தி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. முக்கூடல் வீட்டின் பக்கவாட்டு அறையில் அவள் அம்மா முத்துராணி, குழாய் வைக்க வேண்டிய உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள்.

“வாறுகாலுக்குப் போவும்.” பென்சிலாலேயே தெருவோரச் சாக்கடையைக் காட்டினாள்.

“வாறுகால்ல இருந்து?”

“ஏளா, சும்மா இரி. அளவு தப்பிப் போவுது.”

அளவு தப்பவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அன்றே காது கொடுத்துக் கேட்டிருந்தால், பின்னால் வந்த தொல்லையில் பாதி வந்திருக்காது.

முத்துராணி நான்கு வருடம் சென்னையில் இருந்தவள். நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்பும் கடையொன்றில் வேலை. மகள் முக்கூடலில் அப்பா பலவேசத்தோடும் அத்தையோடும் வளர்ந்தாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிற அம்மாவைப் பார்த்து ஒரு பொங்கலன்று மகள், “இந்தத் தடவ எத்தன நாள் இருப்பிய?” என்று கேட்டாள். விருந்தாளியிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள். முத்துராணி அந்த மாதமே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். கடைக்காரம்மா நல்ல மனுஷி. “மூணு மாசம் பாரு. சரிப்படலன்னா திரும்பி வா, உன் இடத்தை வச்சிருக்கேன்” என்றாள். வீட்டு அறையிலேயே நாய் குளிப்பாட்டும் தொழில் தொடங்கி, அது நிலைத்தால் மகளோடு இருக்கலாம், நிலைக்காவிட்டால் மறுபடியும் சென்னை. முத்துராணிக்கு அது ஒன்றுதான் கணக்கு.

உரமூட்டையும் பழைய டயரும் கிடந்த அறையைக் காலி செய்தார்கள். தெருவைப் பார்த்துத் தனி வாசல் இருந்தது வசதி. கொத்தனாரை வைத்து இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினாள். குனிந்து குளிப்பாட்டினால் ஒரே வருடத்தில் முதுகு போய்விடும் என்பது அவள் சென்னையில் கற்றது. பெரிய நாய் ஏற மூன்று படி. வழுக்காமலிருக்க, பலவேசம் தன் லோடு ஆட்டோவிலிருந்து கழற்றிக் கொடுத்த ரப்பர் விரிப்பு. வாரைக் கட்டச் சுவரில் இரும்பு வளையம். தண்ணீர் போகும் துளையில் முடி அடைக்காதபடி கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டினாள்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு சந்தேகம் இருந்தது. அங்கே நிற்கிற நாய்க்கு என்ன தெரியும்? வெளிச்சம் கண்ணில் குத்துமா? தொட்டிக்குள் ஏறி, நாலு காலில் நின்று பார்த்தாள். சன்னல் வழியே தெரு தெரிந்தது. போகிற வருகிற எல்லாவற்றையும் பார்த்து நாய் குரைக்கும். பாதிச் சன்னலை அட்டையால் மறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பலவேசம் உள்ளே வந்தான்.

“என்னட்டி, மொதக் கிராக்கி நீதானா?”

“சிரிக்காதிய. அந்த அட்டைய எடுங்க.”

“எடுக்கேன். கடிச்சிராத.”

முதல் நாய் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து சங்கரசுப்பிரமணியன் என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி காரில் கொண்டுவந்தார். பொன்னிற முடி அடர்ந்த பெரிய நாய், பெயர் புரூனோ. முத்துராணி சென்னையில் செய்ததுபோலவே ஒரு மக்குத் தண்ணீருக்கு மூன்று மூடி ஷாம்பு கலந்து முதுகில் ஊற்றித் தேய்த்தாள்.

நுரை எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. புரூனோ மறைந்து மூக்கு மட்டும் தெரிந்தது. அலசினாள், போகவில்லை. மறுபடி அலசினாள். முழங்கை வரை நுரை. அதே கம்பெனி ஷாம்பு, அதே மூடி, அதே கை. இதென்ன அதிசயம் என்று அவள் திகைத்து நின்ற நேரத்தில் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு புரூனோ படி இறங்கி வாசலைத் தாண்டியது.

அதற்கு முன்பே நுரை தெருவுக்குப் போயிருந்தது. வாறுகால் நிரம்பி, முடியும் நுரையுமாக வழிந்து, பள்ளத்திலிருந்த அடுத்த வீட்டு வாசல்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது ஆபிதா பீவியின் வீடு. கணவர் ரசீத்துக்குச் சவூதியில், தம்மாமில் வேலை, மகள் காயல்பட்டினத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். ஐம்பது வயதில் ஆபிதா தனியாகத்தான் இருந்தாள். அன்று குழாயில் தண்ணீர் வருகிற நாள். தெருக்குழாயடியில் நிறைந்து நின்ற அவளுடைய எவர்சில்வர் வாளிக்குள் புரூனோ முகத்தைவிட்டுச் சளப் சளப் என்று குடித்தது.

முத்துராணி ஓடிவந்தாள். ஆபிதா முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலில் நின்றாள்.

“விடு விடு, குடிக்கட்டும். தாகம்போல” என்றாள். நாய் வயிறு நிறையக் குடித்து நிமிரும் வரை காத்திருந்தாள்.

சங்கரசுப்பிரமணியன் கையைப் பிசைந்தார். “மன்னிக்கணும்மா. யார் வீட்டுக்குப் போனாலும் இவன் மொதல்ல தண்ணிதான் குடிப்பான். சங்கோசமே கெடையாது.”

“நல்ல புள்ளதான்” என்று சொல்லிவிட்டு ஆபிதா வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

மாலையில் துண்டுகளைக் காயப்போடக் கொல்லைக்குப் போன முத்துராணி, குட்டைச் சுவருக்கு அப்பால் ஆபிதாவைப் பார்த்தாள். வாளிக்குள் மண்ணைப் போட்டு அரக்கித் தேய்த்துக் கழுவினாள். பிறகு வெறும் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தாள். மறுபடி கழுவினாள். மறுபடியும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விரலை மடக்கினாள்.

 முத்துராணியின் அம்மா ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நடவுக்குப் போனவள். வயல்காரர் வீட்டில் காப்பி குடித்த டம்ளரை அம்மாவே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். அதற்கப்புறம் வீட்டுக்காரர்களும் அதை ஒருமுறை கழுவுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து நின்ற கண்தான் இப்போது இதையும் பார்த்தது.

மூன்று நாள் கேட்கவில்லை. நான்காம் நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே சுவரோரம் போய் நின்றாள்.

“ஆபிதாக்கா, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டியளே?”

“கேளு புள்ள.”

“அன்னைக்கி வாளியப் போட்டு அந்தத் தேய் தேய்ச்சியளே. எதுக்கு? எங்க வீட்டுக்கு வந்த நாயி, நாங்க தொட்டது தீட்டுன்னா?”

ஆபிதா இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டாள். “யா அல்லா! என்ன பேச்சு பேசுத நீ? நாயி வாய் வச்ச பாத்திரத்த ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு போட்டுக் கழுவணும். எங்க மார்க்கத்துல அப்படி. ராசா வீட்டு நாயி வாய் வச்சாலும் ஏழுதான். இதுல நீ எங்க வந்த?”

“அப்பம் நாயின்னா ஒங்களுக்கு ஆவாதா?”

“ஏன் ஆவாது? அதுவும் அவன் படைச்ச உசிருதான. வாய் வச்சா கழுவணும், அம்புட்டுத்தான். இங்கன கொண்டா அந்த டம்ளர.” முத்துராணி பாதி குடித்திருந்த டீயை ஆபிதா சுவருக்கு மேலாக வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். “கெடுத்தியே. பாயாசமா இது? இம்புட்டுச் சீனியா போடுவாவ?”

முத்துராணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அதை மறைக்க நுரையைப் பற்றிப் பேசினாள். சென்னையில் இதே அளவுதான், இங்கே மட்டும் ஏன் இப்படி என்று கேட்டாள்.

“அங்க என்ன தண்ணி?”

“போர் தண்ணிக்கா. உப்பு. வாயில வைக்க முடியாது.”

“அதான் சங்கதி. நான் காயல்ல பொறந்தவ. உப்புத் தண்ணியில சவுக்காரம் கட்டி கட்டியாக் கரையும், நுரை வராது. கல்யாணம் ஆயி இங்க வந்த புதுசுல ரெண்டு சட்டைக்கு அங்கன போடுத அளவு போட்டுத் தேய்ச்சேன். முத்தமெல்லாம் நுரை. எங்க மாமி, வந்தவ சவுக்காரத்துலயே வீட்ட அழிச்சிருவான்னு சொன்னாவ. இது ஆத்துத் தண்ணிளா. கால்வாசி போடு, போதும்.”

முத்துராணி அன்றே சோதித்துப் பார்த்தாள். மூன்று மூடியை ஒன்றாக்கினாள், ஒன்றைப் பாதியாக்கினாள். அரை மூடியிலேயே நாய் அழகாக நுரைத்தது, சீக்கிரம் அலசவும் முடிந்தது. ஒரு மூடி ஷாம்புவில் இத்தனை சங்கதி இருக்கிறதா என்று வியந்தபடி அளவைச் சுவரில் எழுதிவைத்தாள்.

நுரை அடங்கியது. ஆனால் தண்ணீர் அதே வழியில்தான் போயிற்று. அதற்குள் தெருவில் யாரோ மனுக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் பேரூராட்சியிலிருந்து சுகாதார மேற்பார்வையாளர் கிருபைராஜ் வந்தார். முத்துராணி அப்போது உள்ளே ஒரு பக் நாய்க்கு நகம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஆபிதாவின் வாசலில் நின்று பேசுவது பாதி மறைத்த சன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

“இந்தத் தெருவுல ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்காவ. ஆனா தண்ணி வந்து நிக்கது ஒங்க வாசல்லதான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாச் சரி, நாளைக்கே அறையப் பூட்டச் சொல்லிருவேன்.”

முத்துராணியின் கை நகவெட்டியோடு நின்றது. பக் அவள் முகத்தையே பார்த்தது.

“தண்ணி வருதா இல்லயா, பீவி?”

பொய் சொல்ல மாட்டாள் என்று முத்துராணிக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

“வருது சார். இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

“அப்பம் போடுங்க.”

“சாயங்காலம் அசருத் தொழுகைக்கு முன்னாடி தெனம் வாசலக் கழுவிருதேன். அதுல எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? நாலு வருசமா தாயில்லாத பிள்ளை கணக்கா அந்தக் குட்டி இந்தத் தெருவுல நடந்துச்சு, நான் பாத்தேன். இப்பம்தான் தலையப் பின்னி பூவு வச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போவுது. என் கையால அதக் கெடுக்கச் சொல்லுதியளா?”

கிருபைராஜ் மனுத்தாளை மடிக்கிற சத்தம் கேட்டது.

“அறைய மூடாம தண்ணிய மட்டும் நிறுத்த வழி இல்லயா சார்? நீங்க படிச்சவுக.”

“கொல்லையில உறிஞ்சிக்குழி தோண்டலாம். செங்கல் ஜல்லியும் மணலும் போட்டா இழுத்துக்கிடும்.”

“அப்பம் அதச் சொல்லுங்க. பேனாவ உள்ள வையுங்க.”

கொஞ்ச நேரத்தில் கிருபைராஜ் அறை வாசலுக்கு வந்து, பதினைந்து நாளுக்குள் குழி இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த வீட்டில் பேசியது எதையும் சொல்லவில்லை. பக் நாயை மட்டும் உற்றுப் பார்த்து, “மூஞ்சி இப்படித்தான் இருக்குமா, இல்ல நீங்க வெட்டினதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆபிதாவும் சொல்லவில்லை. தினமும் யாருக்கும் காட்டாமல் வாசலைக் கழுவியதையும், கையெழுத்து மறுத்ததையும் அவள் ஒரு பேச்சாகவே நினைக்கவில்லை. கேட்டுவிட்டதாக முத்துராணியும் காட்டிக்கொள்ளவில்லை. நன்றி என்று போய் நின்றால் அந்த அக்காள் கூச்சப்பட்டுச் சீனியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். ஆனால் அது நெஞ்சில் ஒரு ஓரத்தில் இறக்க முடியாத சுமையாகவே இருந்தது. மனிதர்கள் கொடுப்பதெல்லாம் கடவுள் கொடுத்தனுப்புவதுதான் என்று அவள் நம்பினாள். கடவுளுக்குத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு மனிதர் வழியாகத்தானே கொடுக்க வேண்டும்?

பலவேசமும் அவளும் நாலு நாள் தோண்டினார்கள். ஐந்தடி ஆழம். குழாயைக் கொல்லைக்குத் திருப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தெருவுக்குப் போகவில்லை. சென்னைக்குப் போன் செய்து, என் இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொன்னாள்.

பங்குனியில் ஒருநாள் ஆபிதா மூட்டுவலிக்கு மருந்து வாங்கத் திருநெல்வேலிக்குப் போனாள். போகும்போது வாளியில் தண்ணீர் நிறைத்துத் தட்டால் மூடித் தன் வாசலோரம் வைத்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் வந்து இறங்கியதும் கைகால் கழுவித் தொழ அந்தத் தண்ணீர்தான்.

மதியம் ஒரு விவசாயி தன் சிப்பிப்பாறை நாயை விட்டுவிட்டு, சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். குளிப்பாட்டி இறக்கும்போது நாய் ஒரே துள்ளலில் வெளியே பாய்ந்தது. நீண்ட மூக்கால் தட்டைத் தள்ளி, முத்துராணி வந்து பிடிப்பதற்குள் நாலு வாய் குடித்துவிட்டது.

நாயை உள்ளே கட்டிவிட்டு வந்து தெருவைப் பார்த்தாள். நல்ல வெயில். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தில், பலவேசம் பாபநாசத்துக்குச் சவாரி. தட்டை எடுத்து மூடிவிட்டால் முடிந்தது. சொன்னாலும் ஆபிதா சிரித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு உட்கார்ந்து தேய்ப்பாள்.

முத்துராணி வாளியைக் கொல்லைக்குத் தூக்கிப் போய்த் தண்ணீரைக் கொட்டினாள். வேலியோரம் சுத்தமான மண்ணாகப் பார்த்து ஒரு கை அள்ளினாள். மண்ணும் தண்ணீருமாக உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினாள். ஒன்று. அன்று குழாயில் தண்ணீர் வராத நாள். மாலையில் வரும் நாய்க்கென்று டிரம்மில் பிடித்து வைத்திருந்ததில் மொண்டாள். இரண்டு. மூன்று. நான்கு முடியும்போது போன் அடித்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து யாரோ, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரலாமா என்று கேட்டார்கள். பேசிவிட்டு வந்தபோது நான்கா ஐந்தா என்று சந்தேகம் வந்துவிட்டது.

சுற்றிலும் பார்த்தாள். ஒரு காக்கை கூட இல்லை.

மறுபடியும் மண்ணை அள்ளினாள். ஒன்றிலிருந்து தொடங்கினாள். இந்த முறை விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். ஏழு முடிந்ததும் வாளியை வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரால் விளிம்பு வரை நிறைத்தாள். தட்டையும் அதேபோல ஏழு தடவை கழுவி மேலே மூடி, வாளி முதலில் இருந்த அதே வட்டத் தடத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

மாலை நாய்க்காரருக்குப் போன் செய்து, இன்றைக்குத் தண்ணீர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றாள். உள்ளே சிப்பிப்பாறை ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றது. துண்டை எடுத்து, அதன் காதிலிருந்து துவட்டத் தொடங்கினாள்.