ரெண்டாம் கட்டிலின் வலது காது

சோனாவுக்கு எதிராக முதலில் சாட்சி சொன்னது அவளுடைய சொந்தக் கைதான். டின்சி வாய் திறந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

இடுக்கி மலைச்சாலையோரம் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு முன்னால் நர்ஸுகளின் கழுத்தில் டேக் ஏறியது. அட்டைக்குள் ஒரு சில்லு, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சின்னப் பெட்டி. அரை மணிக்கு ஒரு தரம் நோயாளியைப் பார்த்துவிட்டு டேக்கைப் பெட்டியருகே காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரியும், யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பது கம்ப்யூட்டரில் ஏறிவிடும். டேக்கைக் காட்டுகிற கை யாருடையது என்று மட்டும் பெட்டி கேட்காது.

பெண்கள் ஆபரேஷன் வார்டில் எட்டுக் கட்டில்கள். முதல் நாலும் டின்சிக்கு, அடுத்த நாலும் சோனாவுக்கு. இருவரும் சித்திரபுரத்துக்காரிகள், ஒரே சர்ச்சில் பாடி ஒரே கல்லூரியில் நர்சிங் முடித்தவர்கள். போன வருஷம் கல்யாணமான டின்சி இப்போது முழுகாமல் இருந்தாள். மருந்து வாடை பட்டாலே குமட்டியது. விஷயம் வெளியே தெரிந்தால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயந்து, மேட்ரனிடம் மூச்சுவிடவில்லை. டேக்கைக் கழற்றிச் சோனாவிடம் கொடுத்துவிட்டு, போர்வைகள் அடுக்கும் அறையில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

சோனா என்ற மண்டு எட்டுக் கட்டிலையும் ஒற்றை ஆளாகப் பார்த்தாள். புண் துடைத்தாள், ஊசி போட்டாள், மலச்சட்டி வைத்தாள். தோழி பேர் கெட்டுவிடக் கூடாதென்று டின்சியின் நாலு கட்டிலுக்கு முதலில் போய் டின்சியின் டேக்கைக் காட்டுவாள், அப்புறம்தான் தன்னுடைய நாலு. அதனால் டின்சி எப்போதும் நேரத்துக்கு வந்தாள், சோனா எப்போதும் பத்து நிமிஷம் பிந்தினாள். கம்ப்யூட்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டது.

சோனாவுக்கு இன்னும் பத்தொன்பது நாள் போனால் ரெண்டு வருஷம் முடியும், அனுபவச் சான்றிதழ் கையில் வரும். வெளிநாட்டு வேலைக்கு அந்தத் தாள் இல்லாமல் முடியாது. அம்மா செபமாலையம்மாள் கொழுந்து பறிக்கிறவள், மார்ச்சில் ஓய்வு. ஓய்வு பெற்றதும் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக்கிடம் சோனா தேடித் தந்தால்தான் உண்டு.

செவ்வாய்க்கிழமை மாலை மூன்றே முக்காலுக்குக் கீழே அவசரப் பிரிவிலிருந்து மேட்ரன் போன் செய்தார். பூச்சிமருந்து பட்டு ஒரு தோட்டத்துப் பெண் வந்திருக்கிறாள், புது டாக்டருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, உடனே வா என்றார். சோனா ஓடிப்போய் டின்சியை உலுக்கி எழுப்பி, அவளுடைய டேக்கை அவள் கையிலேயே வைத்தாள்.

"ஏழாம் கட்டில் கமலாத்தாள் அம்மாவுக்கு மயக்கம் இன்னும் தெளியல. எந்திரிக்க விட்றாத, என்ன?"

"நீ போ, நான் பாத்துக்கிடுதேன்."

நன்றாகப் பார்த்துக்கொண்டாள். திரும்பிப் படுத்துவிட்டாள். கமலாத்தாள் பாத்ரூமுக்குப் போக எழுந்து, விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. நாலு மணிச் சுற்றுக்குச் சோனா மேலே வந்தபோது அந்த அம்மாளின் மகன் வார்டே அதிரக் கத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் மேட்ரன் அறையில் விசாரணை. கூப்பிட்டது நான்தான், ஆனால் கட்டில்களை யாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாய் என்று மேட்ரன் கேட்டார். சோனா டின்சியைப் பார்த்தாள். டின்சி தரையைப் பார்த்தாள்.

"அவ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல மேடம். நான் என் கட்டில்களப் பாத்துக்கிட்டிருந்தேன்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. இவள் வாந்தி எடுத்த பேசினை எத்தனை தரம் கழுவியிருக்கிறோம் என்று சோனா நினைத்தாள். மேட்ரன் அச்செடுத்த தாள்களை நீட்டினார். மூன்று மாதத்தில் டின்சி ஒரு சுற்றும் தவறவில்லை, நீ பிந்தாத நாள் இல்லை, அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்றார்.

அதற்கு மேல் சோனாவால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எல்லாம் பொய் என்றாள் டின்சி. நீ சொல்வது நிஜமானால், அடுத்தவள் டேக்கைக் காட்டியது இன்னும் பெரிய குற்றம் என்றார் மேட்ரன்.

"ரெண்டாம் கட்டில் ராமுத்தாய் அம்மா வந்து பதினோரு நாளாச்சு. அவங்களுக்கு எந்தக் காது கேக்கும்னு இவகிட்ட கேளுங்க மேடம்."

டின்சி உடனே சொன்னாள். "ரெண்டும் நல்லாத்தான் கேக்கும்."

ராமுத்தாய்க்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அது மேட்ரனுக்கும் தெரியும். தினமும் காலையில் வலது பக்கம் சுற்றிப்போய்க் குனிந்து விசாரிப்பவர்தானே அவர். டின்சியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தாள்களை அடுக்கி ஃபைலில் வைத்தார். அடுத்த வாரம் தரச் சான்று கொடுக்கும் குழு வருகிறது, அவர்களிடம் காட்டப்போவது இந்த மூன்று மாதப் பதிவைத்தான். ஒரு டேக் பொய் என்றால் அத்தனையும் பொய். பதிவில் உள்ளதைத்தான் நான் பார்க்க முடியும் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு, சோனாவை டேக்கைக் கழற்றி வைக்கச் சொன்னார். சான்றிதழ் பற்றிச் சோனா கேட்டாள். கிடையாது என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சாப்பாட்டுப் பையை எடுக்கச் சோனா வார்டுக்கு வந்தபோது மணி நாலு. டின்சி ரெண்டாம் கட்டிலருகே நின்றிருந்தாள், இடது பக்கம்.

வலி இருக்கிறதா என்று மூன்றாவது தரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சோனா பேசாமல் போயிருப்பாள். ஆனால் மனசு கேட்கவில்லை. வலது பக்கம் போய்க் குனிந்தாள்.

"அம்மா, இதுதான் ஒங்க நர்ஸு. பதினோரு நாளா ஒங்களப் பாத்துக்கிட்டது இவதானாம்."

ராமுத்தாய் தலையைத் திருப்பி டின்சியை மேலும் கீழும் பார்த்தாள். காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில், எட்டாம் கட்டில் வரைக்கும் கேட்கச் சொன்னாள்.

"இந்தப் புள்ளையா? நான் இதப் பாத்ததே இல்லயே தாயி."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டின்சி கழுத்து டேக்கைத் தூக்கித் தலைமாட்டுப் பெட்டியில் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.