ஒரு வருஷ அவசரம்

விமானக் கம்பெனியில் ஒரு விமானி எவ்வளவு கெட்டிக்காரன் என்று யாரும் கேட்பதில்லை. எந்தத் தேதியில் சேர்ந்தாய் என்பதுதான் கேள்வி. அந்தத் தேதியை வைத்து ஒரு வரிசை எண் கொடுப்பார்கள். எந்த ஊருக்குப் பறப்பது, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பதா, எப்போது கேப்டன் ஆவது, ஆள் குறைத்தால் யார் வெளியே போவது, எல்லாமே அந்த எண்தான். என் நண்பன் கெர்மிட் என்னைவிடப் பதினோரு நாள் முன்னால் சேர்ந்தவன். 2001 கடைசியில் கம்பெனி ஆட்களைக் கழித்தபோது கோடு எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. அவன் பறந்துகொண்டே இருந்தான். நான் ஆறு வருடம் இந்த வடக்கு டகோட்டாவில் சர்க்கரை பீட்ரூட் லாரி ஓட்டினேன், பிறகுதான் என்னைத் திரும்பப் பறக்கக் கூப்பிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தீரவே இல்லை. அதைக் கொண்டுபோய் என் மகள் தலையில் இறக்கி வைத்தேன்.

பிரிட்டாவுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வானிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நாலு வருடப் படிப்பு, கூடவே பறக்கவும் கற்றுக்கொள்ளலாம். அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்தும் கடிதம் வந்திருந்தது. அங்கே ஒன்பதே மாதத்தில் விமானி ஆக்கிவிடுவார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாவிட்டால் பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பட்டம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

என் மனைவி மார்லிஸ் கல்லூரிதான் என்றாள். நாளைக்குக் கண்ணுக்கோ காதுக்கோ ஏதாவது ஆகிவிட்டால் கையில் ஒரு படிப்பாவது இருக்கும் என்றாள். நான் அடித்துப் பேசினேன். நான் படித்த வேளாண் பொருளாதாரம் லாரி ஓட்டத்தான் உதவியது என்றேன். படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆயிரம் பேர் முன்னால் போய் நின்றுவிடுவார்கள் என்றேன். கணக்கும் போட்டுக் காட்டினேன். இருபத்தொரு வயது ஆகாமல் பயணிகள் விமானத்தில் யாரையும் சேர்க்க மாட்டார்கள். கல்லூரி முடிக்கும்போது இவளுக்கு இருபத்திரண்டு. ஆக, நான் குதித்ததெல்லாம் ஒரே ஒரு வருடத்துக்காக. அன்றைக்கு அந்த ஒரு வருடம் எனக்கு உலகமாகத் தெரிந்தது.

பிரிட்டா மேகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற பெண். சாப்பிட உட்கார்ந்தால்கூட சன்னல் பக்கம்தான் உட்காருவாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "நீ சொன்னா சரியாத்தான்பா இருக்கும்" என்றாள். மார்லிஸ் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் அந்த மருத்துவப் படிவம் வந்தது. விமானி ஆகிற எவரும் முதலில் அதை நிரப்ப வேண்டும். மூச்சுத் திணறல் உண்டா, மயக்கம் உண்டா, மனநோய்க்கு எப்போதாவது வைத்தியம் பார்த்தாயா என்று வரிசையாகக் கட்டங்கள். பிரிட்டா பதினோராம் வகுப்பு படிக்கும்போது அவள் உயிர்த்தோழி பனிச்சாலையில் கார் கவிழ்ந்து செத்துப்போனாள். இவள் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். மார்லிஸ் டாக்டரிடம் கூட்டிப்போனாள். மனச்சோர்வு என்று எழுதி நாலு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். தேறிவிட்டாள்.

படிவத்தை வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். "அப்பா, இதுல ஆமான்னு போடணும்தானே?"

ஆமாம் என்று போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காகிதம் மேலிடத்துக்குப் போகும். அவர்கள் சொல்கிற மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். கல்லூரியில் சேர்ந்திருந்தால் அவள்பாட்டுக்கு மேகத்தைப் படித்துக்கொண்டு காத்திருந்திருப்பாள், ஒரு நஷ்டமும் இல்லை. அரிசோனாவில் அப்படி முடியாது. மூன்று வாரத்தில் வகுப்பு.

எங்கள் தொழிலில் யாரும் டாக்டரிடம் உண்மை சொல்வதில்லை. விவாகரத்தாகித் தூங்காமல் அலைகிறவனும் 'இல்லை, இல்லை' என்றுதான் மேலிருந்து கீழே போட்டுக்கொண்டே போவான். புதிதாக வருகிறவனுக்குப் பழையவன் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே அதுதான். எனக்கும் ஒருவன் சொல்லிக் கொடுத்தான்.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டுப் போ. எவன் வந்து பாக்கப்போறான்?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு போட்டாள்.

ஒன்பது மாதத்தில் முடித்தாள். இரண்டு வருடம் அங்கேயே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, கம்பெனிகள் கேட்கிற பறக்கும் மணிக்கணக்கைச் சேர்த்தாள். இருபத்தொன்று முடிந்த வாரம் ஒரு சின்னக் கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்தாள். ஊரில் நான் மார்பைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பெட்ரோல் போடுகிறவனிடம்கூட மகளின் வரிசை எண்ணைச் சொன்னேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு மனச்சோர்வு மறுபடி வந்தது. போனில் குரலே சரியில்லை. விடுதி அறையில் லீவு நாளெல்லாம் திரையை மூடிப் படுத்துக் கிடக்கிறேன் என்றாள், டாக்டரைப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். புத்தி கெட்டவன் நான். இப்போது போனால் பழையதும் கிளம்பிவிடும், வெயிலில் நட, மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடு என்றேன். பெற்ற பிள்ளை முங்கிக்கொண்டிருக்கிறாள், நான் மீன் எண்ணெய் சொன்னேன்.

நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. தானாகவே பறப்பதை நிறுத்தினாள், டாக்டரிடம் போனாள், உரிமம் கொடுக்கிற அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். பழைய படிவத்தில் பொய் சொன்னேன் என்று அவளே எழுதிவிட்டாள்.

ஃபார்கோவில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் காரில் கூட்டிப்போனேன். துணைக்கு உள்ளே வந்து உட்காரலாம் என்றார்கள், உட்கார்ந்தேன். விசாரித்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். மனச்சோர்வு வந்ததற்காக யாரும் உரிமத்தைப் பறிப்பதில்லை, பொய்க்குத்தான் தண்டனை, எல்லா உரிமமும் போகும், ஒரு வருடம் கழித்து வேண்டுமானால் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

"அப்ப உனக்குப் பதினெட்டு வயசு. இப்படிப் போடச் சொல்லி யாராவது சொன்னாங்களாம்மா?"

நான் கேப்டன் என்பது அவருக்குத் தெரியும். பிரிட்டா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்."

வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான்தான் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த அம்மாள் எழுதி முடிக்கிற வரை நேரம் இருந்தது. பிரிட்டா பணப்பையிலிருந்து உரிம அட்டையை எடுத்து மேசையில் வைத்தபோதும் நேரம் இருந்தது. நான் தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போதும் நான்தான் கார் ஓட்டினேன். ஹில்ஸ்போரோ ஊரைத் தாண்டியதும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு இருபத்திரெண்டு வயசுதான் ஆகுது. இனிமே போய்க்கூடப் படிச்சுக்குவேன்" என்றாள். கோபம் ஒன்றும் இல்லை, களைப்பாகத்தான் சொன்னாள். "உன்னையும் விமானத்துலேர்ந்து இறக்கிவிட்டுட்டா நீ என்னப்பா பண்ணுவ? உனக்கு வேற ஒண்ணும் தெரியாதே."

அன்றைக்கே கல்லூரியில் சேர்ந்திருந்தால் அவளோடு படித்திருக்க வேண்டிய பிள்ளைகள் இந்த மே மாதம் பட்டம் வாங்கினார்கள். அவள் இலையுதிர்காலத்தில் முதல் வருடம் சேரப்போகிறாள், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு. படிவத்தில் அப்படிப் போட்டது பிரிட்டாவின் யோசனை என்றுதான் மார்லிஸ் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். எப்படி இப்படிப் பண்ணினாள் என்று என்னிடமே கேட்டு அழுகிறாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுக்கிறேன். போன செவ்வாய்க்கிழமைகூட டென்வருக்கு விமானம் ஓட்டிப் போய் வந்தேன்.