முப்பத்தொரு ரவிக்கைகள்

அன்று காலை அம்மாவை மூன்று முறை அடித்தேன். முதல் அடி, கஞ்சியைத் துப்பியதற்கு. இரண்டாவது, துப்பிய கஞ்சி என் சேலையில் பட்டதற்கு. மூன்றாவது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. அவள் அழாமல் இருந்ததற்காக இருக்கலாம்.

அடி விழுந்ததும் பக்கத்து வீட்டில் தையல் மிஷின் நின்றது. ஆர்.எஸ்.புரத்துக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீடுகளில், எனக்கும் தாஜுன்னிசாவுக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர்தான். ஒவ்வொரு முறையும் மிஷின் நிற்கும். பத்து எண்ணுவதற்குள் மறுபடி ஓடும். அவள் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. வாசலில் பார்த்தால், "வேலைக்குக் கெளம்பிட்டீங்ளாக்கா?" என்பாள். "ஆமாங்க" என்பேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். பெருந்துறைத் தோட்டத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். அம்மாவை என்னிடம் விட்டுவிட்டான். இருபது வயதில் தாலியறுத்து, படித்து, சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவள் நான். உனக்கென்ன குடும்பமா குட்டியா என்றான். அவளுடைய வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே வார்த்தை. பசித்தாலும் "கண்ணு". வலித்தாலும் "கண்ணு". படுக்கையை நனைத்துவிட்டாலும் "கண்ணு". அந்த வார்த்தையைக் கேட்டாலே என் கை எழ ஆரம்பித்தது எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாள் நினைவில்லை.

கிளம்பும் முன் அவளுடைய நல்ல கையைப் பழைய சேலைக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டினேன். கட்டாவிட்டால் புரண்டு கீழே விழுவாள். அதுதான் காரணம் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

என் கைப்பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பரிசோதனைப் படிவம். ஆதரவற்றவர்களை வைத்துப் பராமரிக்கும் விடுதிகள் அரசாங்கச் சான்றிதழ் பெற வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்த சமயம் அது. அறுபத்துமூன்றாம் வருடம். எங்கள் பகுதி விடுதிகளைப் பார்த்து எழுதுவது என் வேலை. இன்னொன்று, விடுதியில் சேர்த்துக்கொள்ளக் கோரும் மனு. பெயர் நாச்சியம்மாள், வயது அறுபத்தெட்டு என்று நானே நிரப்பியிருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. நான் போகும் விடுதிக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் அங்கே அம்மாவுக்கு ஒரு கட்டில் கிடைக்கும். எனக்கு அவளிடமிருந்து விடுதலை. அவளுக்கு என்னிடமிருந்து.

சிங்காநல்லூரைத் தாண்டி, மில் முதலாளி கோவிந்தராஜுலு தம் தாயார் வெங்கடம்மாள் பெயரில் கட்டிய விடுதி அது. பஞ்சிலும் தூசியிலும் உழைத்து ஓய்ந்த பெண்கள், பிள்ளைகள் கைவிட்ட பெண்கள், எல்லாமாக முப்பத்தொரு பேர். பார்த்துக்கொள்வது ராமாமணி ஒருத்திதான். முதலாளிக்குத் தூரத்து உறவு. என்னைப் போல விதவை. நாங்கள் வரும் நாளைப் பத்து நாள் முன்னதாகக் கடிதம் போட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"வாங்கம்மா, வாங்க. இந்த வேகாத வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிங்க" என்றாள் ராமாமணி. தரை பினாயில் வாசத்தோடு பளபளத்தது. இரும்புக் கட்டில்களில் புது ஜமுக்காளம். பலகையில் அன்றைய சாப்பாடு எழுதியிருந்தது. ஒவ்வொரு கட்டில் அருகிலும் ஒரு கிழவி நின்றாள்; நடக்க முடியாதவர்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் வெள்ளை ரவிக்கை போட்டிருந்தார்கள். மணிக்கட்டு வரை நீண்ட முழுக்கை ரவிக்கை.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் ரவிக்கை போட்டு நான் பார்த்ததில்லை. காட்டில் வேலை செய்து வளர்ந்தவர்கள். சேலைத் தலைப்பை மார்பின் மேல் இழுத்துச் செருகிக்கொண்டால் சரி. அம்மா படுக்கையில் விழுந்தபோது தாஜுன்னிசாவிடம் சொல்லி ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுவிட்டேன். ஒரே நாளில் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டாள். ராமாமணியின் வீட்டில் பாட்டி காலத்திலிருந்தே ரவிக்கை உண்டு. சர்க்காரிலிருந்து ஆள் வருகிறது, கிழவிகள் மரியாதையாகத் தெரியட்டும், தெரியக் கூடாதது தெரியாமலும் இருக்கட்டும் என்று தைத்துப் போட்டிருக்கிறாள். சித்திரை மாத வெயிலில், அதுவரை ரவிக்கை கண்டிராத முப்பத்தொரு உடம்புகள் மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு நிற்பது எங்களில் ஒருத்திக்கு எப்படித் தோன்றும் என்பது அவளுக்குத் தெரியாது.

தெரிந்ததை நான் பத்து நிமிடம் தள்ளி வைத்தேன். படிவத்தை நிரப்பினேன். குடிநீர், நன்று. படுக்கை, நன்று. கழிப்பிடம், நன்று. ஒவ்வொரு முறை "நன்று" என்று எழுதியபோதும் அம்மாவின் கட்டிலை அந்தக் கூடத்தில் ஜன்னல் ஓரமாக வைத்துப் பார்த்தேன்.

"நல்லா பாத்துக்கறாங்களா?"

"பாத்துக்கறாங்கங்க" என்றன முப்பத்தொரு குரல்கள், பள்ளிக்கூடத்தில் போல.

நான்காவது கட்டிலில் நின்ற கிழவி அக்குளைச் சொறிந்துகொண்டே இருந்தாள். கொடுமுடிப் பக்கத்துக்காரி, பெயர் சென்னியம்மாள் என்று பதிவேட்டில் இருந்தது.

"ரவிக்கை எப்பிருந்து போடறீங்க?" என்று கேட்டேன்.

"நேத்திருந்துங்க கண்ணு. உடம்பெல்லாம் எறும்பு ஊர்றாப்ல இருக்குது."

"மாப்ள பாக்க வாராங்கன்னு நானு நெனச்சுப்போட்டேன்" என்றாள் அடுத்த கட்டில் கிழவி. இரண்டு மூன்று பேர் பொக்கை வாயால் சிரித்தார்கள். ராமாமணி திரும்பினாள். வெறுமனே திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்ற விதம் எனக்குப் பழக்கமானது. நான் கதவைத் திறக்கும்போது என் வீட்டிலும் மூச்சுச் சத்தம் இப்படித்தான் நிற்கும்.

"ரவிக்கையைக் கழட்டுங்க" என்றேன்.

"வெக்கப்படுவாங்கம்மா. வயசானவங்க" என்றாள் ராமாமணி.

"காலமெல்லாம் ரவிக்கை இல்லாம இருந்தவங்களுக்கு என்னங்க வெக்கம்?"

சென்னியம்மாளின் இடது கையில் ரவிக்கைத் துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. நான் மெல்லத்தான் இழுத்தேன். துணியோடு தோலும் வந்தது. அவள் கத்தவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்தாள். முழங்கைக்குக் கீழே சோற்றுக்கரண்டியைக் காய்ச்சி வைத்த தடம், கரண்டியின் வட்டம் அப்படியே தெரிந்தது. மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு அறுத்த கோடு. மேல்கையின் உட்புறத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கிள்ளிய தடங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நகம் பதிந்த சிறு பிறை.

அந்த இடத்தை நான் அறிவேன். மேல்கையின் உட்புறம். அங்கே தசை தொளதொளவென்று தொங்கும், பிடிக்க வசதி. வலி அதிகம். சேலைத் தலைப்பு மறைத்துவிடும். யோசித்துத் தேர்ந்தெடுத்த இடம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இங்கே இன்னொருத்தியும் அதே இடத்தைக் கண்டுபிடித்திருந்தாள்.

மற்றவர்கள் நான் சொல்லாமலே கழட்ட ஆரம்பித்தார்கள். கொக்கி தெரியாதவர்கள் கிழித்தார்கள். வெள்ளைத் துணிகள் தரையில் விழுந்துகொண்டே இருந்தன.

"கஞ்சி சிந்துனா சூடு. ஒண்ணுக்குப் போயிட்டாக் கயிறு" என்றாள் சென்னியம்மாள். "மொதலாளிகிட்டச் சொல்லியிருவோம்னு..."

அவள் முடிக்கவில்லை. ராமாமணியின் கை போய் அவளுடைய கொண்டையைப் பிடித்து, தலையை இரும்புக் கட்டில் சட்டத்தில் ஒரு மோது மோதியது. நான் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். சர்க்கார் படிவம் என் கையில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. செய்த பிறகுதான் தன் கையையே திகைத்துப் பார்த்தாள். அந்தத் திகைப்பும் எனக்குப் புதிதல்ல.

சென்னியம்மாளின் நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கோரமாக இறங்கியது. அவள் தலையணை அருகிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்தாள். எடுத்த வேகத்தில் ராமாமணியின் வாயில் அடித்தாள். பல் உடையும் சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு எல்லோரும் வந்தார்கள். நடக்க முடியாதவர்கள் தவழ்ந்து வந்தார்கள். அலுமினியத் தட்டு, தடி, வெறுங்கை. ஒருத்தி அவள் விரலைக் கடித்தாள். ஒருத்தி முடியைப் பிடித்துத் தொங்கினாள். யாரும் கத்தவில்லை. தட்டுகள் எலும்பில் படும் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன. மாப்பிள்ளை என்று கேலி பேசிய கிழவி, "வலிக்குதுங்ளா? வலிக்குதுங்ளா?" என்று மரியாதை குறையாமல் கேட்டுக்கொண்டே தடியால் விலாவில் குத்தினாள்.

"நிறுத்தச் சொல்லுங்கம்மா" என்று ராமாமணி என்னைப் பார்த்துக் கெஞ்சினாள்.

நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு சொல் போதும். சர்க்கார் குரலுக்குப் பயந்தவர்கள், நின்றிருப்பார்கள். நான் ஒவ்வொரு அடியையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் விழ வேண்டும் என்று விரும்பினேன். யார் மேல் விழ வேண்டும் என்று விரும்பினேன் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

ராமாமணி தரையில் சுருண்டாள். முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அம்மா நல்ல கையால் அப்படித்தான் மறைப்பாள். அதனால்தான் அடிப்பதற்கு முன்பே அந்தக் கையைக் கட்டப் பழகியிருந்தேன். விழாமல் இருக்க என்று சொல்லிக்கொண்டு.

"போதும்" என்றது ஒரு குரல். என்னுடையது அல்ல. சென்னியம்மாள்தான். "உடுங்க. செத்துப்போட்டா நாம சுமக்கோணும்."

அவர்கள் விலகினார்கள். ராமாமணி எழுந்து உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினாள். கீழே கிடந்த ரவிக்கை ஒன்றை எடுத்து வாயைத் துடைத்தாள்.

"முப்பத்தொரு பேருங்கம்மா. நானு ஒருத்தி" என்றாள். உதடு கிழிந்து பேச்சு குழறியது. "ராத்திரி பகல் பாக்காம மூணு வருசம். யாரு வந்து எட்டிப் பாத்தாங்க? உங்க ஊட்டுல படுத்த படுக்கையா யாரும் இருக்காங்ளா?"

"இருக்காங்க" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரே நோயில் கிடக்கும் இருவர் பார்த்துக்கொள்வது போல இருந்தது அது.

மில் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினேன். கம்பவுண்டர் வந்து ராமாமணியையும் சென்னியம்மாளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டுப் போட்டார். "நன்று" எல்லாவற்றையும் அடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

"மூடிப்போடுவீங்ளா கண்ணு?" என்றாள் சென்னியம்மாள். "மூடுனா நாங்க எங்க போறதுங்க?"

அதற்குப் பதில் படிவத்தில் இல்லை. காலியாக இருந்த பின்பக்கத்தில் எழுதினேன். சூடும் கயிறும் கிள்ளலும், எத்தனை பேர் உடம்பில், எந்த இடத்தில் என்று எழுதினேன். பொறுப்பாளரை உடனே நீக்கி, போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறு பேருக்கு ஓர் ஆயா வேண்டும். தனி ஆளாக யாரையும் விடக் கூடாது. அதுவரை சான்றிதழ் கூடாது; விடுதியை மூடவும் கூடாது. பொறுப்பாளர் தாக்கப்பட்டபோது நான் தடுக்காமல் நின்றேன். கடைசி வரியாக, இனி பரிசோதனைக்கு முன்னறிவிப்புக் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்றொரு தாளில் போடவில்லை.

வெயில் தாழ வீட்டுக்கு வந்தேன். தாழ்ப்பாள் சத்தத்தில் அம்மாவின் மூச்சு நின்றது. கட்டியிருந்த கையை இழுத்து முகத்தை மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டை அவிழ்த்தேன். மணிக்கட்டில் அதே கோடு. சேலைத் தலைப்பை விலக்கி மேல்கையைப் பார்த்தேன். எண்ணினேன். ஒன்பது பிறைகள்.

"கண்ணு" என்றாள்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தாஜுன்னிசாவின் முந்தானை முக்காட்டில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"கொஞ்சம் வாங்க. அம்மாவோட கையைப் பாருங்க."

வந்தாள். பார்த்தாள். அம்மாவின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுங்க்கா" என்றாள். "எல்லாங் கேக்கும். மிஷினை நிறுத்துனா நீங்களும் நிறுத்துவீங்கன்னு பாப்பேன்."

வீட்டின் மறுசாவியை நீட்டினேன். "தெனமும் வந்து பாக்கோணும். எப்ப வேணும்னாலும். சொல்லிட்டு மட்டும் வராதீங்க."

"உங்களைக் கேக்க நான் யாருங்க?"

"பாக்கறதுக்கு வேற ஆளில்லீங்க." என் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தேன். என் மேலதிகாரியின் விலாசத்தை வரும் வழியிலேயே பஸ்ஸில் எழுதியிருந்தேன். "புதுசா ஒரு தடம் தெரிஞ்சாலும் இதுல எழுதிப் போட்டுருங்க."

"வேலை போயிருமேக்கா."

"போயிரும்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கார்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபமாகத்தான் செருகினாள். இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இது தனக்கும் தண்டனை என்று நினைத்தாளோ என்னவோ.

மறுநாள் காலை கஞ்சி ஊட்டினேன். நான்கு கரண்டி இறங்கியது. ஐந்தாவதை அம்மா துப்பினாள். என் கன்னத்தில், கண்ணில், சுடச்சுட. நல்ல கை கட்டு இல்லாமல் இருந்தது. அது டம்ளரைத் தட்டிவிட்டது. டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

"கண்ணு" என்றாள்.

என் கை எழுந்தது. நான் எழுப்பவில்லை.

மிஷின் நின்றது. கை அந்தரத்தில் இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்து வந்தது. மிஷின் ஓடவில்லை. பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் காலடி. பிறகு என் கதவில் சாவி நுழைந்தது.