நுரை நிற்கும் வரை

கீழப்பழுவூரைத் தாண்டி நாலாவது கிலோமீட்டரில் வேன் இரண்டு தரம் இருமியது. மூன்றாவது இருமலோடு நின்றுவிட்டது.

மாயவன் சாவியைத் திருகினான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. டீசல் முள்ளை விரலால் தட்டிப் பார்த்தான். அது அடியோடு படுத்துக் கிடந்தது.

"நேத்து சாயங்காலமே பெட்ரோல் பங்கையெல்லாம் மூடிட்டானுங்கக்கா. அரியலூர் வரைக்கும் இழுத்துடும்னு நெனச்சேன்" என்றான், பின்னால் திரும்பாமலே.

பின் சீட்டில் செல்லப்பன் படுத்திருந்தார். தலை செங்கமலத்தின் மடியில். விடிந்ததும் செங்கல் சூளைக்குக் கிளம்பினவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று பார்த்து பந்த். பஸ் இல்லை, லாரி இல்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்தது செங்கமலத்தின் தம்பி மாயவனுடைய இந்தப் பழைய வேன் ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர்.

செங்கமலம், கிளம்பும்போது சுவரிலிருந்து பிடுங்கி வந்த காலண்டர் அட்டையால் புருஷனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். பட், பட், பட்.

தூரத்துக் கடலைக்காட்டில் ஆயில் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. மாயவன் கேனைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினான். திரும்பி வந்து, மூச்சிரைக்க டீசலை ஊற்றிச் சாவியைத் திருகினான். இன்ஜின் மறுபடியும் வெறுமனே சுற்றியது.

"டேங்கு காஞ்சதுல டீசல் பைப்புல ஏர் புடிச்சுக்கிச்சு. மெக்கானிக் வந்து ஏர எடுத்தாத்தான் ஆவும்" என்றவன், சட்டென்று பக்கத்து சீட்டில் இருந்த அக்கா மகளைப் பார்த்தான். "ஏன் புள்ள ஜோதி, நீ இருக்கியே. தஞ்சாவூர் வண்டிக்கு நீதான ஏர் எடுத்த? மச்சான் டீக்கடையில ஒருத்தன் பாக்கி வுடாம சொல்லியிருக்காரே."

ஜோதி மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

டிப்ளமோ முடித்து, அரியலூரில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் அப்ரன்டிஸாகச் சேர்ந்து ஆறு மாதம். முதல் நாளே ஃபோர்மேன் அரியமுத்து அவள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார். "பாப்பா, நீ ஜாப் கார்டு எழுது. நகத்துல கிரீஸ் ஏறிச்சுன்னா பொண்ணு பாக்க வர்றவன் காபியத் தொடமாட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். 'ஏர் லாக். ஏர் எடுக்கப்பட்டது' என்று நாற்பது கார்டாவது எழுதியிருப்பாள். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

அப்பா விடமாட்டார். தினம் சாயங்காலம் சூளைப் புழுதியோடு வந்து நின்று, "இன்னிக்கு எந்த வண்டிய எழுப்புன?" என்பார். ஒருநாள் தாங்கமாட்டாமல் தஞ்சாவூர் வண்டி என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே அரியலூர் கடைவீதியில் அவளுக்கென்று ஒரு ஸ்பேனர் வாங்கி வந்தார். எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காமல் அது அவள் பையிலேயே கிடந்தது.

"எடுத்துடுவா." பின்னாலிருந்து செல்லப்பனின் குரல் நூலாக வந்தது. "அவள வுடு மாயவா. எம் மவ எடுத்துடுவா."

இதற்குமேல் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் இருந்த இன்ஜின் மூடியைத் தூக்கினாள். காகிதத்தைக் கிழித்து ஸ்பேனரை எடுத்தாள். ஃபில்டர் தலையில் ஒரு ஸ்க்ரூ, டீசல் பம்பில் ஒரு ஸ்க்ரூ. எதை முதலில் திறப்பது? அதை எந்தக் கார்டிலும் எழுதச் சொன்னதில்லை. கைக்கு எட்டிய பம்பு ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசலை ஏற்றும் சின்ன நெம்பியைக் கட்டைவிரலால் அடித்தாள். நுரை பொங்கியது, குறைந்தது. முடுக்கினாள்.

"செல்ஃப் அடிங்க மாமா."

சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி திறந்து, அடித்து, மூடி, மறுபடி. பேட்டரி முனக ஆரம்பித்தது.

அப்போதுதான் உறைத்தது. டீசல் ஃபில்டரைத் தாண்டித்தானே பம்புக்கு வரும்? அங்கே நிற்கிற காற்று மறுபடி மறுபடி இங்கே இறங்குகிறது. 'ஃபில்டர்ல நுரை நிக்கிற வரைக்கும் பம்புல கை வெக்காதடா' என்று அரியமுத்து யாரையோ திட்டியதை ஆபீஸ் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கால் மணி நேரம் போய்விட்டது.

"மாத்திப் பண்ணிட்டேன் மாமா."

"பேசாத. பண்ணு."

ஃபில்டர் ஸ்க்ரூவைத் திறந்தாள். குபுகுபுவென்று நுரை. கட்டைவிரல் தோல் உரிந்தது. முதுகுக்குப் பின்னால் பட், பட், பட். நுரை பொடிந்தது. பட்... பட். குமிழிகள் ஒன்றிரண்டாயின.

விசிறும் சத்தம் நின்றுவிட்டது.

ஜோதி திரும்பவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். குமிழி இல்லாத டீசல் விரல்களில் வழிந்தது. முடுக்கினாள். பம்பைத் திறந்தாள், நுரை நிற்கும் வரை அடித்தாள், முடுக்கினாள்.

"அடிங்க."

மாயவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். சாவிமேல் கை அப்படியே நின்றது. பிறகு திருகினான். கரும்புகையைக் கக்கிக்கொண்டு வேன் உதறி எழுந்தது.

"எடுத்துட்டேம்ப்பா" என்றபடி திரும்பினாள்.

காலண்டர் அட்டை சீட்டில் கிடந்தது. செங்கமலத்தின் உள்ளங்கை அவர் கண்களை மூடியிருந்தது.

"போங்க மாமா. எட்டு கிலோமீட்டர்தான. போங்களேன்."

மாயவன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டியத் திருப்பு மாயவா" என்றாள் செங்கமலம்.

வேன் திரும்பிக் கீழப்பழுவூரைத் தாண்டி, திருமானூரையும் தாண்டியது.

"எப்பம்மா?"

"நீ மொத ஸ்க்ரூவுல கை வெக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாருடி. நீ ஒண்ணும் தாமசம் பண்ணல." செங்கமலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னாள்.

முதல் ஸ்க்ரூவைத் திறந்தபோதும் மூடியபோதும் அட்டை விசிறிக்கொண்டுதான் இருந்தது.

வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். தெருவே கூடி அழுதது. பத்தடி தள்ளி, அணைக்காத வேன் தடதடத்துக்கொண்டிருந்தது.

"அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்கடி" என்றாள் பக்கத்து வீட்டு முத்தாயி.

மாயவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தான். "ஆஃப் பண்ணிடவா புள்ள?"

"வேணாம் மாமா. நல்லா ஓடுது."

அப்பாவின் உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்தது. ஜோதி டீசல் கையோடு, வேனிலிருந்து கொண்டுவந்திருந்த காலண்டர் அட்டையை எடுத்தாள்.

பட், பட், பட்.