சீர்த்தட்டில் ஒரு கவுன்

தாய்மாமன் சீர் என்றால் பட்டுச்சேலைதான். காதுகுத்து அன்றைக்குப் பிள்ளையைப் பெற்றவள் பிறந்த வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு சபையில் நிற்க வேண்டும். ஆனால் என் தங்கை மாரீஸ்வரியால் சேலை கட்ட முடியாது.

போன வருடம் மதுரையில் குடல் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் வயிற்றோரம் ஒரு பை இருக்கிறது. மலம் அதில்தான் இறங்கும். பாவாடை நாடாவை இறுக்கினால் பை அமுங்கிக் கசிந்துவிடும். அதனால் மார்புக்குக் கீழிருந்தே விரிந்து தொங்கும் கவுன்தான் போடுகிறாள். மார்க்கையன்கோட்டையில் இருக்கும் அவள் மாமியார் மூக்கம்மாளுக்கு அது வெறும் மினுக்கு. "பிள்ளை பெத்தவளுக்கு அம்ப்ரெல்லா கவுனு கேக்குதாக்கும்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். பை இருப்பது மாப்பிள்ளைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"அத்தைகிட்டச் சொல்லிரு ஆத்தா" என்றேன்.

"வேணாம்ணே. தெரிஞ்சா அடுப்படிப் பக்கமே விடமாட்டாக. எம்பிள்ளைக்கு நான் சோறாக்கக் கூடாதுன்னா அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

அரக்குப் பட்டு ஒன்று எடுத்துக்கொண்டு உத்தமபாளையத்தில் ரெஹானாவின் தையல் கடைக்குப் போனேன். பெண்கள் கூட்டத்துக்கு நடுவே மீசையை வைத்துக்கொண்டு நெளிந்தபடி, பையைப் பற்றி மூச்சுவிடாமல், இடுப்பில் பிடிக்காத கவுன் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். புதுப் பட்டில் கத்தரி வைக்க ரெஹானாவுக்கே மனசு வரவில்லை.

"இடுப்புல பிடிக்கவே கூடாது, அம்புட்டுத்தானேண்ணே? மேல இருந்தே விரிச்சு விட்டுர்றேன். சரிகை பூராம் கீழ சுத்தி வரட்டும்" என்றாள் கடைசியில்.

வருசநாட்டில், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. சீர்த்தட்டின் துணியை விலக்கினேன். மூக்கம்மாள் கவுனைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏப்பா சுருளி, பட்ட வெட்டிக் கவுனு தச்சுக் கொண்டாந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சபையில நிப்பேன்? போய்ச் சேலை ஒண்ணு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் காது குத்த வேணாம்."

தங்கை மகன் என் மடியில் இருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மாரீஸ்வரி முந்திக்கொண்டாள்.

"அத்தே, எங்கண்ணனத் திட்டாதீக. என் வயித்துல பை வச்சிருக்காக. மலம் அதுலதான் வரும். சேலை கட்டுனா அமுங்கிரும்."

மூக்கம்மாள் அவள் வயிற்றையே பார்த்தார். பிறகு கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துப் பின்னாலிருந்த அறைக்கு அழைத்துப் போனார்.

மாரீஸ்வரி அரக்குப் பட்டில் வெளியே வந்தாள். விரிந்து புரண்ட பின்பக்கத்தை மண் படாமல் இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தபடி மாமியாரும் கூடவே வந்தார். கண் சிவந்திருந்தது, வாய் மட்டும் பழைய வாய்தான்.

"இம்புட்டு அகலம் அடுப்படிக்கு ஆகாதுடி, தீப்பட்டுரும். சமைக்கிறப்பப் போட்டுக்கப் பருத்தியில குட்டையா ரெண்டு தச்சுக்க."

காதுகுத்தில் பிள்ளை அழுவதுதான் வழக்கம். அன்றைக்கு ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே மாமன்காரன் நான் அழுதுவிட்டேன்.